மெர்லினின் மூக்கு

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த பேக்கரியில் மெர்லின் வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அப்பா இறந்த வருடம், பதினேழு வயதில் வந்தாள். முதல் எட்டு வருடம் அட்டைப்பெட்டி மடித்தாள், தட்டு கழுவினாள். மாடியில் ஐசிங் போட்ட மாஸ்டர் தன் மேசைப் பக்கம் யாரையும் நிற்க விடமாட்டார். கிரீம் கலக்கும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். அவர் ஒரு வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் குவைத்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு ஞானஸ்நானத்துக்குக் கேக் கொடுக்க வேண்டியிருந்தது. மெர்லின் போட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அந்த மேசை அவளுடையது.

அப்போதெல்லாம் ஐசிங் என்றால் வனஸ்பதியும் சர்க்கரையும்தான். பத்து வருடத்துக்கு முன்பு செல்போனில் படத்தைக் காட்டி, சாக்லேட் பட்டர்கிரீம் வேண்டும் என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பேக்கரிக்காரர் ஜேக்கப், கொக்கோ வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதி சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் கட்டிகளை வாங்கிப் போட்டார். வெயிலுக்கு இளகாது, வெட்டுவது சுலபம், எல்லாரும் வாங்குவது. மெர்லின் அதை உருக்கி வெண்ணெயில் கலந்தாள். பார்க்க நன்றாக இருந்தது. வாயில் வைத்தால் மேலண்ணத்தில் மெழுகுவர்த்தி ஒட்டியது போல இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. அவளுக்குத்தான் ஒப்பவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகத் தானே கண்டுபிடித்தாள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கெட்டுப்போன ஒவ்வொரு கிண்ணத்தையும் பற்றிக் கோவில் காலண்டரின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்தாள். பட்டர்கிரீமில் வெண்ணெயும் ஐசிங் சுகரும் ஏற்கெனவே இருக்கின்றன. அதில் சேரும் சாக்லேட் இன்னும் இனிப்பைக் கொண்டுவரத் தேவையில்லை, கசப்பைக் கொண்டுவர வேண்டும். பால் சாக்லேட் போட்டால் நிறம் மட்டும் வரும். கொக்கோ எத்தனை சதவீதம் என்று கட்டியில் எண் இருக்கும்; அது எழுபதுக்கு மேல் போனால் மருந்துக் கசப்பு, கிரீமும் இறுகிக்கொள்ளும். ஐம்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள் இருப்பதுதான் வெண்ணெயோடு ஒத்துப்போகும். பாக்கெட்டில் வரும் சாக்லேட் சிப்ஸ், பேக்கரி அடுப்புச் சூட்டில்கூட உருகாமல் உருவத்தோடு நிற்பதற்காகச் செய்தது; உருக வேண்டிய இடத்தில் அதற்கு வேலை இல்லை. உருக்கும் பாத்திரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் முழுவதும் மண்ணாகிவிடும். உருகியதைக் கீழுதட்டில் தொட்டுப் பார்க்க வேண்டும்: சூடும் தெரியக்கூடாது, குளிர்ச்சியும் தெரியக்கூடாது. சூடாக ஊற்றினால் வெண்ணெய் ஓடிவிடும், ஆறவிட்டு ஊற்றினால் கிரீமில் கறுப்புக் கறுப்பாகத் துகள் நிற்கும்.

நல்ல கட்டியை உடைத்தால் குச்சி முறிகிற சத்தம் வரும். நாக்கில் வைத்து ஐம்பது எண்ணுவதற்குள் கரைந்து, நாக்கு சுத்தமாக இருக்கும். இதெல்லாம் யாரும் செய்து பார்க்கலாம். ஆனால் ஒரே எண் போட்ட இரண்டு கட்டிகள், ஒரே மாதிரி முறிந்து, ஒரே மாதிரி கரைந்து, வெண்ணெயில் சேர்ந்ததும் வேறு வேறாக இருக்கும். ஒன்று பழைய சரக்காக இருக்கும், இன்னொன்றில் எசென்ஸ் கலந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க மூக்கைத் தவிர வழி இல்லை. டிசம்பர் முதல் வாரம் டீலர்கள் மூன்று கட்டி அனுப்புவார்கள். மெர்லின் முகர்ந்து பார்த்து ஒன்றை எடுத்து வைப்பாள். கிறிஸ்துமஸிலிருந்து அடுத்த கிறிஸ்துமஸ் வரை அந்தச் சரக்குதான். ஜேக்கப்புக்கு அதில் மறு பேச்சு கிடையாது. கேட்டரிங் படித்துவிட்டு வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்த தன் தம்பி மகன் ரோஷனிடம், மெர்லினின் மூக்கு இருக்கிறவரைக்கும் உன் சர்டிபிகேட்டுக்கு மாடியில் வேலை இல்லை என்று சொல்வார். ரோஷன் சிரித்துக்கொள்வான். அவன் காத்திருக்கிறான் என்பது மெர்லினுக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்துக் காலையில் அந்த மூக்கு போயிற்று. அவளும் கணவன் ஜெரால்டும் எர்ணாவூரில் குடியிருந்தார்கள். விடிந்த நேரம், தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு நின்றிருந்தாள். பக்கத்து ஆலையில் எங்கோ வாயுக் குழாய் பிளந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அப்போது தெரிந்தது, கண்ணுக்குள் மிளகாய்ப்பொடி போட்டது போன்ற எரிச்சல் மட்டும்தான். ஜெரால்டு அவளைத் தெருமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து விட்டுவிட்டு, படியிறங்க முடியாத பக்கத்து வீட்டுக் கிழவருக்காகத் திரும்பப் போனான். அதனால் அவன் நெஞ்சுக்குள் போனது அதிகம். கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது வண்டியின் படியில் ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இரண்டு வருடமாக ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

மெர்லினுக்குப் பதினைந்து நாளில் எல்லாம் சரியானது போல் இருந்தது. வேலைக்குத் திரும்பி, வழக்கம்போல் நறுக்கிய சாக்லேட்டைக் கையில் அள்ளி மூக்குக்கு நேராகக் கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. குழாய்த் தண்ணீரை முகர்ந்தது போல இருந்தது. நாக்கில் வைத்தாள். கசந்தது. எதனுடைய கசப்பு என்று தெரியவில்லை. அரசு ஆஸ்பத்திரியில், ஆறு மாதத்தில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். திரும்பவில்லை.

யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். சொன்னால் அடுத்த நாள் மேசையில் ரோஷன் நிற்பான். அவள் கீழே அட்டைப்பெட்டி மடிக்கலாம், அதுவும் ஜேக்கப் இரக்கப்பட்டால். வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான்.

மாடியில் பாத்திரம் கழுவியவள் நர்மதா. காசிமேட்டுக்காரி, மெர்லினைவிட ஒன்பது வயது மூத்தவள். கணவன் வல்லரசு விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். மெர்லின் ஒரு வழி கண்டுபிடித்தாள். தினமும் ஒரு துண்டை நர்மதாவிடம் நீட்டி, எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்பாள். நர்மதா முகர்ந்துவிட்டு ஏதாவது சொல்வாள். வறுத்த வேர்க்கடலைத் தோல் என்பாள், கருப்பட்டி என்பாள், நனைந்த சாக்கு என்பாள், புதுச் செருப்பு என்பாள். நனைந்த சாக்கு என்றால் பழைய சரக்கு. புதுச் செருப்பு என்றால் எசென்ஸ். வேர்க்கடலைத் தோலும் கருப்பட்டியும் சேர்ந்து வந்தால் அதுதான் வேண்டிய கட்டி. மெர்லின் அந்தச் சொற்களையும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதினாள்.

இரண்டாவது மாதமே நர்மதா கேட்டாள், உனக்கு மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதா என்று. சளி என்றாள் மெர்லின். நர்மதா மறுபடி கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். பாத்திரம் விளக்கிக்கொண்டே, வெண்ணெய் புளித்திருக்கிறது, கீழே பால் கருகுகிறது, இன்று வந்த மாவில் மண்ணெண்ணெய் வாடை என்று பொதுவாகச் சொல்லிவைப்பாள். ஒன்றே ஒன்று மட்டும் தனக்குத் தெரியாது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். மீன் வாடை. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருப்பதால், அவள் வீட்டில் யாருக்கும் அது ஒரு வாடையாகவே படாது.

போன நவம்பர் கடைசியில் புயல் வந்தது. பேக்கரியின் கீழ்த்தளத்தில் முழங்கால் தண்ணீர், மூன்று நாள் கரண்டு இல்லை. அந்த வாரம் சனிக்கிழமை அருள்நாதன் மகளின் கல்யாணம். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அருள்நாதன், ஜேக்கப்புக்குச் சின்ன வயதுப் பழக்கம். மூன்று அடுக்குக் கேக், முழுவதும் சாக்லேட் பட்டர்கிரீம். அதற்கான சாக்லேட்டைப் புயலுக்கு முன்பே நறுக்கித் தட்டில் பரப்பி, மெல்லிய துணி போட்டு மூடிவைத்திருந்தாள். வெண்ணெயும் வந்திறங்கியிருந்தது. ஃபிரிட்ஜ் இல்லாமல் இரண்டும் தாங்காது.

மெர்லின் நர்மதாவுக்குப் போன் செய்தாள். வீட்டைச் சுற்றித் தண்ணீர், வர முடியாது என்றாள் நர்மதா. ஆனால் வல்லரசு மூலமாக இரண்டு தெர்மோகோல் பெட்டியும் ஐஸும் கொடுத்தனுப்பினாள். பெட்டி வந்து சேர்ந்ததும் மறுபடி அவளே கூப்பிட்டாள்.

"பெட்டி மீன் போட்டதுதான் மெர்லினு. எங்காளு ரெண்டு வாட்டி சோப்பு போட்டுக் கழுவிகீறாரு. இருந்தாலும் வைக்கறதுக்கு மின்ன நல்லா மோந்து பாரு. எங்க வூட்டு மூக்குக்கு அதெல்லாம் ஒறைக்காது."

ஜேக்கப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மெர்லின் பெட்டிக்குள் தலையை விட்டு, இரண்டு முறை இழுத்து முகர்ந்தாள். இரண்டு வருடமாக அப்படிச் செய்துதான் பழக்கம். எவ்வளவு நேரம் முகர வேண்டும், எப்போது புருவத்தைச் சுருக்க வேண்டும் என்பதெல்லாம் கைவந்துவிட்டது. சரி என்று தலையாட்டினாள். ஜேக்கப் அதற்குமேல் குனியவில்லை. தெரு முழுவதும் சேறும் மீனும் நாறிக்கொண்டிருந்த நேரம், அவர் குனிந்திருந்தாலும் தனியாக ஒன்றும் தெரிந்திருக்காது. ஐஸை அடியில் போட்டு, மேலே வெண்ணெயையும் நறுக்கிய சாக்லேட்டையும் வைத்து மூடினார்கள்.

கொழுப்பு எதன் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். வெண்ணெய் இழுக்கும், சாக்லேட் அதற்குமேல் இழுக்கும். மெர்லினுக்கு இது தெரியும். ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில்கூடக் கட்டியை வைக்க விடமாட்டாள்.

வெள்ளிக்கிழமை கரண்டு வந்தது, ஆனால் வோல்டேஜ் இல்லை. கிரீம் அடிக்கும் மெஷின் ஓடவில்லை. காலையிலேயே வந்துவிட்ட நர்மதா பெரிய பாத்திரத்தை மடியில் இடுக்கிக்கொண்டு வெண்ணெயைக் கையாலேயே அடித்தாள். நனைந்து புழுத்த கருவாட்டையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டு வருவதாகச் சொன்னாள். எலுமிச்சம்பழத் தோல் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவியதையும் சொன்னாள். மெர்லின் சாக்லேட்டை உருக்கி, உதட்டில் தொட்டுப் பார்த்து, இழையாக ஊற்றினாள். கிரீம் பளபளவென்று திரண்டது. ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள். நர்மதா முகர்ந்தாள், வழித்தும் சாப்பிட்டாள். வேர்க்கடலைத் தோல் நன்றாக வந்திருக்கிறது என்றாள். அவள் சொன்னதில் ஒன்றும் தவறு இல்லை. அவள் மூக்கில் அதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அருள்நாதன் வந்தார். ஒரு டிபன் டப்பாவில் கேக் துண்டு வைத்திருந்தார். சத்தம் போடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள், மண்டபத்தில் வாயில் வைத்த கேக்கைத் துப்பினார்கள் என்றார். மேடையில் பெண் காதில் விழும்படி ஒருத்தி சொன்னாளாம், "மீன்கார ஊரு சம்பந்தம்னு தெரியும், கேக்குலயுமா." ராத்திரி சாப்பாட்டுப் பந்திக்கு அவர் மகள் வரவே இல்லை. டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, "நீயே மோந்து பாரு ஜேக்கப்" என்று சொல்லிப் போய்விட்டார்.

ஜேக்கப் முகர்ந்தார். முகம் கோணியது. டப்பாவை மெர்லினிடம் நீட்டினார். அவளும் மூக்குக்குக் கொண்டுபோனாள், அவர் முகத்தைப் பார்த்தபடி தன் முகத்தையும் அதே போல வைத்துக்கொண்டாள். நர்மதா குழாயடியில் நின்றிருந்தாள்.

"பெட்டில வைக்கறதுக்கு முன்னாடி மோந்து பாத்த இல்ல?" என்று கேட்டார் ஜேக்கப்.

"பாத்தேண்ணே. ஒரு வாசனையும் வரல."

இரண்டும் உண்மைதான். முகர்ந்து பார்த்தாள், ஒரு வாசனையும் வரவில்லை. ஆனால் மெர்லினின் மூக்குக்குப் பெட்டி சுத்தமாக இருந்தது என்றால், மீன் அதற்குப் பிறகுதான் வந்திருக்க வேண்டும். பிறகு வெண்ணெயில் பட்டது ஒரே ஒரு ஆளின் கைதான். ஜேக்கப் குழாயடிப் பக்கம் திரும்பினார். கருவாடு அள்ளிய கையோடு வந்து வெண்ணெயைத் தொட்டாயா என்று கேட்டார்.

நர்மதா மெர்லினைப் பார்த்தாள்.

"நான் போன்ல சொன்னேனே மெர்லினு."

"சொன்னீங்கக்கா. அதான் நானும் பாத்தேன்."

குழாய் திறந்தே இருந்தது, வாளி நிறைந்து வழிந்தது. இன்னும் ஒரு வாக்கியம் சொல்ல நேரம் இருந்தது. மெர்லின் மேசையில் ஒட்டியிருந்த ஐசிங் சுகரைத் துணியால் துடைத்தாள். நர்மதா குழாயை மூடினாள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள்.

"மூக்கு கீறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். படியிறங்கிப் போனாள். ஜேக்கப் அவளை நிறுத்தவில்லை.

அன்று வீட்டில் மெர்லின் சாப்பிடவில்லை. ஜெரால்டு கேட்டான், சொன்னாள். அவளுக்கு மூக்கு இல்லை என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அடுப்பில் சோறு கருகியபோது அவன்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான். அவன் மூச்சைச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. "நாளைக்குப் போய் சொல்லிடு" என்றான். சொன்ன பிறகு என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவள் சொல்லவில்லை.

டிசம்பர் முதல் வாரம் மூன்று கட்டிகள் வந்தன. மெர்லின் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் உடைத்தாள். ஒன்று மழுங்கிய சத்தத்தோடு வளைந்து முறிந்தது, வாயில் படலம் விட்டது, அதைத் தள்ளிவைத்தாள். மற்ற இரண்டிலும் ஐம்பத்தெட்டு என்று போட்டிருந்தது. இரண்டும் குச்சி போல முறிந்தன. இரண்டும் நாற்பது எண்ணுவதற்குள் கரைந்தன. இரண்டும் கசந்தன. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். கசந்தன, அவ்வளவுதான். கல்யாணக் கேக்குக்குப் பிறகு இன்னொரு முறை தவறினால் ஜேக்கப் காரணம் தேட வேறு ஆள் மாடியில் இல்லை. மத்தியானம், ஜெரால்டுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, இரண்டிலும் ஒவ்வொரு துண்டை ஃபாயிலில் சுற்றிக்கொண்டு இறங்கினாள்.

காசிமேட்டில் மீன் விற்கும் வரிசையின் கடைசியில் நர்மதா உட்கார்ந்திருந்தாள். வாங்கியவர்களுக்கு மீன் ஆய்ந்து கொடுக்கும் வேலை. அரிவாள்மணையில் ஒரு சங்கராவின் செதிலைச் சீவிக்கொண்டிருந்தாள். மெர்லின் எதிரில் குந்தினாள். நர்மதா நிமிரவில்லை. அந்த மீனை முடித்தாள், அடுத்ததை எடுத்தாள். அதன் செவுளைப் பிடுங்கிப் போட்டதும் மெர்லின் சொன்னாள்.

"எனக்கு ரெண்டு வருசமா மூக்கு செத்துப்போச்சுக்கா."

"அது எனக்குத் தெரியாதா" என்றாள் நர்மதா. "அத ஓனராண்ட சொல்லு."

மெர்லின் கையில் இருந்த ஃபாயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்மதா அதைக் கவனித்தாள். இதற்குத்தான் வந்தாயா என்று கேட்கவில்லை. மீனைக் கவரில் போட்டு ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, பக்கத்தில் இருந்த டப்பில் முழங்கை வரை கழுவினாள். கையை நீட்டவில்லை.

"நீயே புடி. என் கை வாணாம்."

மெர்லின் ஃபாயிலைப் பிரித்து அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். முதலில் இடது கையில் இருந்தது. நர்மதா கண்ணை மூடி இழுத்தாள். நனைந்த சாக்கு என்றாள். பிறகு வலது கையில் இருந்தது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தாள். வேர்க்கடலைத் தோல், கருப்பட்டி கொஞ்சம் என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். சொன்னாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள மெர்லினுக்கு வழியும் கிடையாது. ஆனால் நர்மதா அந்த விஷயத்தில் பொய் சொல்கிறவள் இல்லை என்று மெர்லினுக்குத் தெரியும்.

"இந்த வருசத்துக்கு சொல்லிட்டேன். அடுத்த வருசம் வராத" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

மாறிவிடக்கூடாது என்பதற்காக ஷேர் ஆட்டோவில் வரும் வழி முழுவதும் இரண்டு துண்டையும் இரண்டு கையில் பிடித்திருந்தாள். வலது கைத் துண்டு உள்ளங்கைச் சூட்டில் இளக ஆரம்பித்திருந்தது.

மாடியில் ஜேக்கப்பும் ரோஷனும் காத்திருந்தார்கள். கழுவாத பாத்திரம் குழாயடியில் இரண்டு நாளாகக் குவிந்திருந்தது. புது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. மெர்லின் கையைக் கழுவித் துடைத்தாள். மேசையில் இருந்த கட்டிகளில் முதலாவதை எடுத்து, எப்போதும் போல மூன்று மூச்சு முகர்ந்தாள். இரண்டாவதை எடுத்தாள். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்தாள். பிறகு அதைத் தனியாக நகர்த்தி வைத்தாள்.

"இதுண்ணே."

ஜேக்கப் ரோஷனைப் பார்த்து, பார்த்துக்கொள், இது எந்தக் காலேஜிலும் வராது என்றார். ரோஷன் இந்த முறை சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவனாக, டீலருக்கு எழுதும் தாளை எடுத்துவைத்துக்கொண்டு, அதில் அப்படி என்ன வாசனை வருகிறது, சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றான்.

மெர்லின் குழாயடிப் பக்கம் பார்த்தாள்.

"வேர்க்கடலத் தோலு" என்றாள். "கருப்பட்டி கொஞ்சம்."